சட்டைப்பையில் ஒரு காட்டர் பின்

"இது எதுக்கு உங்க பாக்கெட்ல கெடக்கு?" என்று துவைக்கச் சட்டையை எடுத்த மனைவி கேட்டபோது மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனுஷனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாத மகள், காலையில் அவரை "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

மகள் கோபித்துக்கொண்டதில் தப்பே இல்லை. மலைமேல் இருக்கிற ஊரில் அவளாக வேலை தேடிக்கொண்டாள் என்பதற்காக வாய்க்கு வந்தபடி ஏசினார். போய்ச் சேர்ந்தவளையும் விட்டாரா? அவள் இவர் போனை எடுக்காமல் போகவும், மனைவியின் போனில் கூப்பிட்டு, "சொல்லும்மா" என்று அவள் ஆசையாகப் பேசத் தொடங்கியதும் கத்தித் தீர்ப்பார். பெரிய கெட்டிக்காரத்தனம்!

நேற்று அம்மாவைப் பார்க்க வந்தவளின் பழைய கார் வாசலில் திரும்பும்போதே, முன்சக்கரத்தில் ஒரு முனகல் கேட்டது இவருக்கு. காலையில் யாரும் கேட்காமலே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இடது சக்கரம் லொடலொட என்று ஆடியது. மனைவியை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் காணாமல் போனது. அப்படியென்றால் பேரிங்தான். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் காய்ந்து, நட்டு தளர்ந்திருந்தது. புது கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு மயிரிழை தளர்த்திவிட்டார். இனி அந்த நட்டு தானாகத் திரும்பாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு காட்டர் பின்னைச் செருகி மடக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்தப் பின்னை அவர் எப்போதும் உதட்டில் கவ்விக்கொள்வார். கீழே வைத்தால் மறந்துபோகுமாம். பின் வாயில் இருக்கிறவரை யார் கேட்டாலும் பதில் வராது. வேலை முடியவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வந்து நின்றாள்.

"அப்பா, கிளம்பலாமா?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? பின்னை உருவிப் பையில் போட்டார். "இதோ ஆச்சும்மா. பாத்து மெதுவா போ, என்ன?" என்றார். அதே கையோடு நட்டை மறைக்கும் மூடியைத் தட்டிப் பொருத்தி, ஜாக்கியை இறக்கிவிட்டார்.

இப்போது மனைவியின் உள்ளங்கையில் பின் கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, மோசம் போச்சு! அவளுக்குப் போன் போடு. நட்டு கழண்டா சக்கரமே வந்துடும்டி!"

மனைவி தன் போனில் கூப்பிட்டாள்; மகள் அழைப்பைத் துண்டித்தாள். இவர் போனிலிருந்து போட்டார்கள், அதுவும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் போனை அவள் எடுக்கவே இல்லை.

"பைக்ல போய்ப் பிடிங்களேன்!"

"எங்க போய்ப் பிடிக்கிறது? இந்நேரம் அடிவாரம் தாண்டியிருப்பா."

மனைவியின் போனில் குரல்செய்தி ஒன்று வந்தது.

"அம்மா, உன் போன்ல கூப்பிடுறது அப்பாதான்னு தெரியும். காலையில எவ்வளவு நல்லாப் பேசினார்! அதைக் கெடுத்துக்க வேணாம்னு சொல்லு. மலை ஏற ஆரம்பிச்சுட்டேன், இனிமே சிக்னல் இருக்காது. வண்டி சூப்பரா போகுது. போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு நானே போன் பண்றேன்."

"நல்லா போகுதுன்னுதானே சொல்றா? ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

அவர் போனைக் காதோடு அழுத்தி மறுபடி கேட்டார். மகள் பேசியதை அல்ல. பேச்சுக்கு அடியில் டயர் ஓடும் சத்தம் இருந்தது, காற்று இருந்தது. நடுநடுவே, மெல்லியதாக, டக் என்று ஒன்று. தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரிகிற சத்தம் அது.

'வண்டியை நிறுத்து' என்று அடித்து அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை.

"சொல்லுங்களேன்! பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க!" என்று மனைவி அவரைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் அவள் கையிலிருந்த பின்னை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். அவள் எவ்வளவு கேட்டும் பதில் வரவில்லை.