எட்டாவது அட்டை

துமார் புருலை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவாள். தலாயை "அண்ணன்" என்பாள். அவர்கள்தான் தன்னைப் பெற்றவர்கள் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தலைச்சன் பிள்ளையைக் கணவனின் தாய் தகப்பனுக்கு வளர்க்கக் கொடுத்துவிடுவது அத்-பாஷி மலைப் பக்கம் புதிதல்ல. பால்குடி மறந்ததும் புருலும் கொடுத்தாள். அப்போது அவள் வீட்டுக்குப் புது மருமகள். மறுத்துப் பேசும் இடத்தில் இல்லை. பிறகு கணவன் தலாயோடு தலைநகர் பிஷ்கெக்குக்குக் குடிபோனாள், ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையானாள், இன்னொரு குழந்தையும் பெற்றாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஊர்ப் பாலர் பள்ளியின் கொதிகலன் பழுதாகி, பள்ளியையே மூடிவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் துமார் முதல் வகுப்பில் சேர வேண்டும். மாமியார் ஸூராவே புருலுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"நீதானே டீச்சர்? லீவுலதானே இருக்க? கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்து இதுக்கு ரெண்டு எழுத்து சொல்லிக் குடு."

தலாய் நகரத்திலேயே தங்கிவிட, புருல் கைக்குழந்தையோடும் ஒரு பை நிறையப் படப் புத்தகங்களோடும் வந்து சேர்ந்தாள். கூடவே யாரிடமும் சொல்லாத ஓர் ஆசையும் வந்தது: பள்ளி திறக்கும்போது துமாரை நகரத்துக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

காலைத் தேநீர் முடிந்ததும் அடுப்போரம் பாடம் நடக்கும். துமார் அவள் தோளில் சாய்ந்துகொள்வாள். முதலில் அட்டைப் படம், பிறகு "அடுத்து என்ன ஆகும், சொல்லு?" என்ற கேள்வி, அதன் பிறகுதான் வாசிப்பு. வரியின் கீழே குழந்தையின் விரல் ஊர்ந்து போகும். போர்சோக் சுட மாவு பிசையும் நாளில் புருல் மாவை எழுத்து எழுத்தாக வெட்டி எண்ணெயில் போடுவாள். துமார் தன் பெயரை வரிசையாக வைத்துப் படித்துவிட்டு, பாலேட்டில் தோய்த்துத் தின்பாள். பனி உருகுவதற்கு முன்பே தேநீர்ப் பொட்டலத்தில் இருப்பதையெல்லாம் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒருநாள் ஸூரா மாவுக் கையோடு நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மருமகளே, உன் புஸ்தகத்துல எல்லாக் கதையிலயும் ஒரு குட்டி தாயைத் தேடிக்கிட்டே திரியுது? வேற பொழைப்பே இல்லையா அதுங்களுக்கு?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் எழுதுறாங்க, அத்தை."

"எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். பொறுக்கி எடுத்துட்டு வந்தது நீதானே?"

"அம்மா, சும்மா இருங்களேன்! குதிரைக்குட்டி ஆத்தைத் தாண்டப்போவுது!" என்று துமார் ஸூராவை அதட்டினாள். ஸூரா சிரித்துவிட்டாள். புருலுக்குச் சிரிப்பு வரவில்லை.

வசந்தப் புத்தாண்டான நூரூஸ் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில் புருல் மாமியாரிடம் வாய்விட்டுக் கேட்டாள். நகரத்துப் பள்ளி நல்ல பள்ளி, விடுமுறைக்கெல்லாம் இங்கே அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

ஸூரா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "அவ போயிட்டா நானும் கிழவனும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? சொல்லிக்குடுக்க வந்தே, சொல்லிக்குடு. கேக்க வரலே."

அந்த வாரப் பாடம் ஏழு தகப்பன் பெயர்கள். தகப்பன், அவன் தகப்பன், அவனுக்கு முந்தியவன் என்று ஏழு தலைமுறையைப் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும். விருந்தாளிகள் கட்டாயம் கேட்பார்கள். இதில் புருலுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மருமகள் மாமனார் பெயரையும் அவருக்கு முன்னோர் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. அதனால் மாமனார் சொல்லச் சொல்ல அவள் ஏழு அட்டைகளில் எழுதினாள், துமார் வாசித்தாள். முதல் அட்டையில் பெய்ஷெ என்ற மாமனார் பெயர்தான் இருந்தது. துமாருக்கு அவர்தான் அப்பா.

நூரூஸ் காலையில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது, புருல் இன்னோர் அட்டை வெட்டினாள். "தலாய்" என்று எழுதி மற்ற ஏழுக்கும் மேலே வைத்தாள். துமார் வாசிக்க மட்டும்தானே போகிறாள், நான் எதையும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நரினிலிருந்து வந்த மாமனாரின் தம்பி கெரிம் தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாடி செல்லம், ஏழு அப்பன் பேரையும் சொல்லு. தப்பாச் சொன்னா உன் பங்குக் கறி எனக்கு."

"மனப்பாடமாவும் தெரியும், சித்தப்பா. ஆனா நான் படிச்சே காட்டுறேன்." துமார் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தாள். "துமாரின் அப்பா... த... தலாய்."

அடுத்த அட்டையைப் பார்த்தாள். "தலாயின் அப்பா பெய்ஷெ" என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

யாரோ ஒருவர், "சீட்டு கலைஞ்சுபோச்சு, திருப்பிப் போடு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரியும், துமாரைத் தவிர.

"அண்ணி எழுதுனது இது," என்றாள் துமார். "அண்ணன் எப்படி எனக்கு அப்பா ஆவாரு? அம்மா, நான் யார் வீட்டுப் பொண்ணு?"

அவள் ஓடிப்போய் ஸூராவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அங்கிருந்து புருலைப் பார்த்தாள். தெரியாத ஆளைப் பார்ப்பது போன்ற பார்வை அது.  ஸூரா மருமகளைத் திட்டவில்லை. அந்த முகத்திலும் பயம்தான் இருந்தது.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் புருல் குளிர்காலம் முழுவதும் கதை வாசித்திருந்தாள். பதிலும் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் குழந்தையின் விரல்கள் ஸூராவின் மேலங்கியைப் பற்றியிருந்த விதத்தைப் பார்த்தபோது அந்தப் பதில் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான், துமார்," என்றாள். "அவசரத்துல மாத்தி எழுதிட்டேன். உங்கப்பா பேரு பெய்ஷெ."

மாமனார் பெயரை அவள் சொன்ன மாத்திரத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிழவர் தலை குனிந்துகொண்டார். கெரிம்தான் கறித்துண்டு ஒன்றை எடுத்துத் துமாரின் பக்கம் நீட்டி, "ஜெயிச்சுட்டே, தின்னு" என்றார்.

விருந்தாளிகள் போன பிறகு ஸூரா புருலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒருநாள் சொல்லத்தான் வேணும். நானே சொல்றேன்," என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது துமாரைக் கூட்டிப்போவதைப் பற்றிப் புருலும் மறுபடி பேசவில்லை.

மறுநாள் துமார் புத்தகத்தோடு வந்தாள். ஆனால் தோளில் சாயாமல் ஸூராவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். புருல் எதிரே இருந்து வாசித்தாள்.

"குட்டி தண்ணீரில் கால் வைத்தது."

"அப்படித்தான் போட்டிருக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அக்கரையில் மந்தை நின்றது."

"அப்படித்தான் போட்டிருக்கா, அண்ணி?"

புருல் புத்தகத்தைத் திருப்பிக் குழந்தையின் பக்கம் வைத்தாள். "நீயே பாரு."

துமார் குனிந்து, விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கத் தொடங்கினாள்.