கப்பல்காரர் குடும்பம்

பெரியம்மா வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிவிட வேண்டும். ஓக்லாந்தின் கிளென்ஃபீல்டில் இருந்துகொண்டே, எங்கள் ஆட்களில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்று தீர்ப்புச் சொல்பவர். என் மனுஷன் யசீகரன் வவுனியாவில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தில் வளர்ந்தவர். 'இல்லத்துப் பொடியன்' என்று பெரியம்மா அவரைக் குத்திக் காட்டாத நல்லநாள் பெருநாள் கிடையாது. என் மகள் பிரணவிக்கும் அப்படி ஒரு பேச்சு விழுந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிரணவி விரும்பியது ஜோயல் என்ற வெள்ளைக்காரப் பொடியனை. அவனுடைய தாய் ஹெலன் போன ஞாயிறு கல்யாணம் பேச மவுண்ட் ரோஸ்கிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவும் வந்து குந்திக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. நான்தான் மொழிபெயர்ப்பு.

"ஆக்கள் ஆரெண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். ஹெலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். கப்பல் மேல்தட்டில் தலை மழித்த சிறுவர்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவன் அவருடைய பூட்டனாம். தாய் தகப்பன் இல்லாமல் லண்டன் தெருவில் பசியோடு திரிந்த பிள்ளையாம். விக்டோரியா மகாராணி காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தர்மத்துக்குச் சேர்த்து, ஆற்றில் கட்டிக்கிடந்த பழைய போர்க்கப்பலில் வைத்து, தின்னப் பாணும் கொடுத்து அடியும் கொடுத்து மாலுமி வேலை பழக்குவார்களாம். அப்படிக் கடலுக்குப் போனவன் ஓக்லாந்தில் இறங்கி இங்கேயே நின்றுவிட்டானாம். அவனால்தான் தங்களுக்குப் பெருமை என்றார் ஹெலன்.

பெருமையாம்! நான் பெரியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா.

"கப்பல்காரர் குடும்பமாம்."

எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் கப்பல்காரர் என்றால் சொந்தக் கப்பலும் கல்வீடும் உள்ளவர்கள். முழுப் பூசணிக்காயை ஒரு சொல்லுக்குள் மறைத்துவிட்டேன். பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"அப்பிடிச் சொல்லு! நாலு பேருக்குச் சொல்லக்கூடிய இடம்தான்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்த யசீகரன் தட்டத்தை மேசையில் வைத்தார்.

"இவள் பிழையாச் சொல்லிப்போட்டாள். அந்தப் பிள்ளை தாய் தேப்பன் இல்லாதவன். தர்மத்தில வளந்தவன். என்னை மாதிரித்தான்."

"அதுதானே பாத்தன்! இதுவும் இல்லத்துக் கேஸோ?" என்று பெரியம்மா சீலையை உதறிக்கொண்டு எழும்பினார்.

யசீகரன் அவரைக் கவனிக்கவேயில்லை. ஹெலனுக்குப் பக்கத்தில் இருந்து, தானும் அப்படி வளர்ந்தவன்தான் என்று இங்கிலீஷில் சொன்னார். ஹெலன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

எல்லோரும் போனபிறகு குசினிக்குள் போய், "பிள்ளைக்காகத்தானப்பா அப்பிடிச் சொன்னனான்" என்றேன்.

அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"பெரியம்மா சொல்லேக்கை எனக்கு ஒருநாளும் நொந்ததில்லை, ரதி. நீ அப்பிடி நினைக்கேல்லை எண்டு இருந்திட்டன்."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெட்கக்கேடு, சொல் வரவில்லை.