மூன்று கம்பி போதும்

"இந்த ஒயருக்குள்ள இருபத்தஞ்சு கம்பி எதுக்கு அத்தா? பேச ஒண்ணு, கேக்க ஒண்ணு போதாதா?" என்று மகள் ருக்ஷானா ஒருமுறை கேட்டாள்.

"எர்த்துக்கு ஒண்ணு சேத்தா மூணு போதும்மா. மத்ததுல பாதி மரியாதைக்கு. பேசலாமான்னு ஒண்ணு கேக்கும், பேசுன்னு ஒண்ணு சொல்லும்" என்றார் முதஸ்ஸிர். கள்ளக்குறிச்சி தந்தி ஆபீசில் அவர் மெக்கானிக். டெலிபிரிண்டரை மோடத்தோடு இணைக்கும் கேபிள் அது.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீட்டு மறியலின் மூன்றாம் நாள் காலை, கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களைச் சாய்த்த கூட்டம் கோடாரியோடு ஆபீசுக்குள் புகுந்தது.

"போலீசுக்குச் சேதி இங்கேர்ந்துதான்டா போவுது! ஒடைங்கடா!"

ஒருவன் கேபிளை இழுத்து அறுத்தான். தடுக்கப் போன முதஸ்ஸிரின் முகத்தில் உருட்டுக்கட்டை விழுந்து இரண்டு பற்கள் தெறித்தன. அடுத்து கோடாரி ஓங்கியது. கூட்டத்தில் இருந்த கரும்பு வெட்டும் பூமாலை குறுக்கே பாய்ந்து காம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா பண்ற? எங்கண்ணன் செத்த தந்திய மழையில நடந்து வந்து வூட்ல குடுத்தவருடா! வெட்டறதுன்னா என்னிய வெட்டு!"

கூட்டம் வெளியேறியது. தெருவில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. பூமாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தான். நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஒரு மணி நேரத்தில் நர்ஸ் இருசம்மாள் ஓடிவந்தாள். "போன் கம்பியெல்லாம் அறுத்துட்டாங்க சார். விழுப்புரத்துலேர்ந்து ரத்தம் வரலன்னா பூமாலை தாங்கமாட்டான்."

தந்தி அனுப்ப வந்து, மெஷின் சரியாவதற்காக அங்கே காத்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மரம் வெட்டுனவனுக்கு இன்னா அவசரம்? மொதல்ல என் லிஸ்ட்டு போவட்டும். கைது பண்ண வேண்டியவனுங்க நாப்பத்தேழு பேரு."

இருசம்மாள் அழுதுகொண்டே திரும்பினாள்.

தந்தி லைன் பூமிக்கடியில் போனதால் தப்பியிருந்தது. வாயில் ரத்தம் ஒழுக, முதஸ்ஸிர் அறுந்த கேபிளைப் பிளேடால் சீவி, மூன்று கம்பிகளை மட்டும் முறுக்கினார். பேசலாமா என்று கேட்கும் கம்பியை, பேசு என்று சொல்லும் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். இனி இயந்திரம் யார் அனுமதிக்கும் காத்திராது.

ஜன்னலில் கல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் லத்தியோடு வெளியே ஓடினார்.

முதஸ்ஸிர் பிஸ்மில்லாஹ் சொல்லி விழுப்புரத்துக்கு ஒரே வரி அடித்தார்: வயிற்றில் குண்டு, ரத்தமும் டாக்டரும் உடனே தேவை. சற்று நேரத்தில் பதில் வந்தது: வண்டி கிளம்பிற்று.

இரண்டு வரியையும் தாளோடு கிழித்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். பிறகு பட்டியலை அடிக்கத் தொடங்கினார். ஒன்பதாவது பெயர் பூமாலை. அதையும் ஓரெழுத்து விடாமல் அடித்தார்.