வடித்த தண்ணீர்

அந்த மெசினில் ஒரு பிழையும் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த மெசின்தான் தன் தகப்பனைக் கொன்றது என்று என் மகள் றொசானா ஒரு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக் கொடுத்தவள் அவள். அப்படியில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய்தான் இது. ரொக்ஸ்பரோவில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள், மூன்றாம் மாடி றெஜினாவின் வாய்க்குப் பயந்து லிஃப்ட்டும் நின்று நின்றுதான் போகும் என்பார்கள்.

போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, றொசானா அதைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். பாண் வாட்டுகிற டோஸ்டர் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அடியில் தண்ணீர், மேலே ஒன்பது ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பஞ்சுத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லைட். மண் கிடையாது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் போத்தலில் இருக்கிற உரத் தண்ணீரில் இரண்டு மூடி விட்டால் போதும், தன்பாட்டில் வளரும் என்றாள்.

"மண் இல்லாமல் பயிரோ? கோதாரி, இனி அரிசி இல்லாமல் சோறும் வருமாக்கும்" என்றேன்.

"சும்மா வைச்சுப் பாருங்கோவன் அம்மா. வெளியிலை மைனஸ் இருபது. வீட்டுக்கை பச்சையா ஏதும் இருந்தா அப்பாவுக்கும் சந்தோசம்."

அப்பா என்றது என் மனிசன் மரியதாசன். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கினவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். பேச்சுக் குறைவு. இந்த வீட்டுக்கு என்று கடவுள் தந்த பேச்சு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று எப்போதாவது பகிடி விடுவார்.

மெசினோடு வந்த விதையில் முளைத்தது பேசிலும் பார்ஸ்லியும். எங்களுக்கு எதற்கு அது? இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். ஜான்-டலோன் சந்தைப் பக்கம் ஒரு வியட்நாம் கடையில் வேரோடு வல்லாரை கிடைத்தது. பொன்னாங்காணியும் இருந்தது. ஓட்டைக்கு ஒன்றாகச் செருகினேன். பத்து நாளில் துளிர் விட்டது. பெப்ரவரி பிறக்க லைட்டை முட்டிக்கொண்டு நின்றது. எனக்கோ புளுகம் தாங்கவில்லை. காலையில் கண் முழித்ததும் சிலுவை போடுவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். வெளியே பனி இடுப்பளவுக்குக் கிடக்க, என் குசினியில் வல்லாரை! கோயில் சிநேகிதி பிலோமினம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் வயிறு எரிந்திருக்கும், அதுவும் எனக்குச் சந்தோசம்தான்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்று ஒரு பெண் இருக்கிறாள். நாங்கள் கீரை வளர்க்கிறோம் என்று றொசானா பெருமையாகச் சொல்ல, அவள் முகம் மாறிவிட்டது. பிரெஞ்சில் நிறையச் சொன்னாள். றொசானா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். கீரையிலும் கிழங்கிலும் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், அப்பாவின் சிறுநீரகம் தள்ளாது. இரத்தத்தில் அது கூடினால் இதயம் நின்றுபோகும். ஆசைக்கு ஒரு பிடி கீரை சாப்பிடலாம், ஆனால் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்குக்கும் அதே முறைதான்.

"விளங்கினதோ அம்மா? தண்ணியைக் கட்டாயம் கொட்ட வேணும்."

"எனக்கென்ன காது செவிடோ?" என்றேன்.

விளங்கியது. ஒன்றுவிடாமல் விளங்கியது. பிறகு நான் செய்ததற்கு விளக்கம் குறைந்தது என்று எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து கீரையை அவித்து வடித்தேன். சட்டி நிறையப் பச்சைத் தண்ணீர், அந்த வாசம். சிங்க் வரை கொண்டுபோனேன். கை வரவில்லை. கீரையின் சத்துத் தண்ணீரில்தான் இறங்கும் என்று எங்கள் சனத்தில் ஆருக்குத் தெரியாது? கீரை அவித்த தண்ணீரை வீணாக ஊற்றுகிறவளை ஒரு பெண் என்று மதிப்பார்களா? கஞ்சிக்கோ சொதிக்கோ விட்டுவிடுவதுதான் வழக்கம். இந்த டொக்டர்மார் சக்கையைத் தின்னச் சொல்லிச் சத்தைக் கொட்டச் சொல்கிறார்கள், விசர்க் கூட்டம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னபடி இலையை ஒரு பிடிதான் கொடுத்தேன். தண்ணீரைக் காலைக் கஞ்சிக்குள் விட்டேன். உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரும் அதே சட்டிக்குள் போனது. மனிசன் எலும்பும் தோலுமாய் இருக்கிறார், தேற வேண்டும். வேறு ஒரு நினைப்பும் எனக்கு இருக்கவில்லை, மாதாவாணை.

பெப்ரவரிக் கடைசியில் இரத்தம் பார்த்தபோது அந்த உப்புக் கூடியிருந்தது. வாழைப்பழம் சாப்பிட்டாரா, தோடம்பழம் சாப்பிட்டாரா, தக்காளி சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். றொசானா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தண்ணியைக் கொட்டுறனீங்கள்தானே?"

"பின்னை? வைச்சுக் கும்பிடுறதோ?"

அது முதல் பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை ஏச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். எனக்கு ஏசத்தான் தெரியும், ஏச்சு வாங்கத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் இன்னும் சோர்ந்துபோனார். படி ஏறினால் கால் தளர்ந்தது. என்ன செய்தேன் தெரியுமா? காலையில் ஒரு கோப்பையாக இருந்த கஞ்சியை இரண்டு கோப்பை ஆக்கினேன்.

மார்ச் கடைசித் திங்கள் காலை. வெள்ளிக்கிழமை சுத்திகரித்த இரத்தம், சனியும் ஞாயிறும் அப்படியே கிடந்த இரத்தம். கஞ்சியைக் குடித்துவிட்டு வாசலில் கதிரையில் இருந்து பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால் போட்டாயிற்று. அப்படியே சுவரோடு சாய்ந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரி வான் வந்து கீழே நிக்குது, உங்களுக்கு இப்பதான் நித்திரையோ?" என்று ஏசினேன். செத்துப்போன மனிசனை நின்று ஏசினேன். இரண்டு முறை ஏசினேன்.

பொட்டாசியம் கூடி இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னதையும் றொசானாதான் எனக்குத் தமிழில் சொன்னாள். அழாமல் சொன்னாள். வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மெசினுக்குப் பக்கத்தில் இருந்த உரப் போத்தலை எடுத்து வாசித்தாள்.

"அம்மா, இதிலை பொட்டாசியம் எண்டு கிடக்கு. நான் வாங்கித் தந்த மெசின். நான் வாங்கித் தந்த தண்ணி. நான் வாசிச்சுப் பாக்கேல்லை அம்மா."

நான் பேசவில்லை. அந்த நேரம் தலை வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் நான்காம் நாள் பிலோமினம்மா வந்து, "என்ன றெஜி, திடீரெண்டு?" என்று கேட்டபோது என் தலை நன்றாகத்தான் வேலை செய்தது. "உந்த மெசின் கீரை ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றேன். றொசானா பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனவள் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு என் பிள்ளை உருகிப்போனாள். வேலைக்கு லீவு போட்டாள். முகத்தில் கண் மட்டும் இருந்தது. சாப்பாடு வைத்தால் கிளறிவிட்டு எழும்புவாள். பெரிய வியாழனுக்கு முன்னால் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபத்தைச் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன், பூசைக்குப் பிந்திப் போனதையும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சுவாமியார் தந்த மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை நேற்று முடிந்தது. மண்டபத்தில் சாப்பாடு கொடுக்கும்போது பிலோமினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "றெஜி, நீர் பாத்த மாதிரி இந்தக் காலத்திலை ஆர் மனிசனைப் பாக்கினம்?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் சேர்ந்து தலையாட்டினேன். கேடுகெட்ட தலை.

வீட்டுக்கு வந்ததும் றொசானா மெசினின் வயரைக் கழற்றினாள். குப்பைக்குக் கொண்டுபோகப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அப்படியே தரையில் முழங்காலில் இருந்து என் மடியில் முகத்தை வைத்தாள்.

"அம்மா, நீங்கள் ஒருநாளும் என்னை ஏசேல்லை. எல்லாத்துக்கும் ஏசுற நீங்கள் இதுக்கு மட்டும் ஏசேல்லை. என்னை மன்னிச்சனெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் அதோடை இருந்திடுவன்."

மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள், சாகும்வரை என்னை வைத்துப் பார்த்திருப்பாள். அவளின் தலையில் கை வைத்தேன். முப்பது வயதுக்குள் நரைத்திருந்தது.

"பிள்ளை, மெசின் இல்லை. நான்தான். நான் தண்ணியைக் கொட்டேல்லை" என்றேன். "கஞ்சிக்கை விட்டனான். ஒவ்வொரு நாளும்."

அவள் தலையைத் தூக்கினாள். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அது பொய் என்று அறிய இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"முதல் நாளே கேட்டவர். 'இஞ்சாரும், உந்தத் தண்ணியைக் கொட்டச் சொன்னவையெல்லோ?' எண்டு கேட்டவர். 'உங்கடை டொக்டரோ வந்து உங்களுக்குச் சமைக்கிறார், வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ' எண்டனான்."

"அதுக்குப் பேந்து?"

"பேந்து கேக்கேல்லை. குடிச்சவர்."

றொசானா எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், கோபம் எனக்குப் பழக்கமான சாமான். ஆனால் அவள் நிதானமாகத்தான் கேட்டாள்.

"நான் ஒரு மாசமா நித்திரை கொள்ளேல்லை. சாப்பிடேல்லை. நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

பயம் என்று சொல்லலாம். உன்னையும் பறிகொடுத்துவிடுவேன் என்று பயந்தேன் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

"ஓம்" என்றேன். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் ஏசியாவது இருப்பேன். மெல்லத்தான் சாத்தினாள்.