ப்ரூலே சண்டைக்கு வராத நாள்

சட்பரி ஐஸ் ஹாக்கி அணியில் மெல்னிக்கை யாரும் கோல் அடிக்கச் சொன்னதில்லை. முட்டித் தள்ள வேண்டும், வட்டு பறந்து வந்தால் உடம்பைக் கொடுத்துத் தடுக்க வேண்டும், எதிராளி மிஞ்சினால் கையுறையைக் கழற்றிப் போட்டு அடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமாக அவனுக்குக் கூலி இதற்குத்தான். மூக்கு மூன்று தடவை உடைந்திருக்கிறது. அதில் இரண்டு, டிம்மின்ஸ் அணியின் ப்ரூலே கைவரிசை.

"இன்னைக்கு ப்ரூலேவை ஒரு கை பாரு," என்றார் கோச் டண்டாஸ், ஆட்டத்துக்கு முன்னால். "நம்ம அணிக்குப் புதுசா வந்திருக்கிற பெல்கிப் பய உன்னைவிட ஒரு சாண் உசரம், வயசும் கம்மி. ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாது. நீ இன்னும் உதவுவியான்னு பார்க்கணும். இல்லேன்னா நாளைக்குக் கீழ் அணிக்குப் போற பஸ்ல ஏறிக்க."

முதல் சுற்றிலேயே மெல்னிக் பனியில் சறுக்கிப் போய் ப்ரூலேவை உரசினான். "வர்றியா?"

கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். கேட்காமல் பாய்கிறவனை அவன் அணிக்காரனே மதிக்க மாட்டான்.

"இன்னைக்கு வேணாம்டா."

மெல்னிக்கால் நம்ப முடியவில்லை. சோற்றைக்கூட வேண்டாம் என்பான் ப்ரூலே, சண்டையை வேண்டாம் என்றதில்லை.

"என்ன, பல்செட்டோட தைரியத்தையும் கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

ப்ரூலே சிரித்தான். கையுறை கழலவில்லை. கூட்டம் ஊளையிட்டது.

பஸ் பயம் ஒரு பக்கம் கிடக்க, இப்போது வேறொன்று அரித்தது. பல் விழுந்த ஓட்டையை நாக்கு துழாவுகிற மாதிரி மனம் அங்கேயே போய்ப் போய் வந்தது. கை உடைந்திருக்குமோ? வலது பக்கமாக ஒரு இடி கொடுத்துப் பார்த்தான். ப்ரூலே திருப்பிக் கொடுத்ததில் பலகைச் சுவரே அதிர்ந்தது. வீட்டில் ஏதாவது துக்கமோ? அதுவும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.

கடைசிச் சுற்றில் சட்பரி ஆள் ஒருவன் தப்பாட்டம் ஆடித் தண்டனைப் பெட்டிக்குப் போக, ஆள் குறைந்த நேரம் பார்த்து டிம்மின்ஸ் தன் கோல் அடிக்கும் ஐவரை இறக்கியது. ஐந்தாவதாக வந்து வலைக்கு முன்னால் நின்றவன் ப்ரூலே. அவனை அங்கிருந்து கிளப்புவது மெல்னிக் வேலை.

"நீ எங்கடா இங்கே?"

"மார்ஷானுக்குக் கணுக்கால் போச்சு. அவன் இடத்துல கோச் என்னைப் போட்டிருக்கான். சண்டை போட்டுப் பெட்டிக்குள்ள போனா எடுத்துடுவானாம். வந்த நாள்லேருந்து கோல் அடிக்க என்னை விடறது இதுதாண்டா முதல் தடவை."

மெல்னிக் தடியை அவன் முதுகில் போட்டு நெம்பினான். இருந்த பலம் அத்தனையும் போட்டான். ப்ரூலே அசையவில்லை.

"நாளைக்கு என்னை அனுப்பப் போறாங்கடா," என்றான் மெல்னிக், மூச்சு வாங்க. "உன்னோட அடிச்சுக்கிட்டாத்தான் இருப்பேன்."

"கொஞ்சம் பொறு."

தூரத்திலிருந்து வந்த வட்டு ப்ரூலேவின் தடியில் பட்டு வலைக்குள் போனது.

மறுபடி ஆட்டம் தொடங்கியதும் ப்ரூலேவே தேடி வந்தான். "என் வேலை முடிஞ்சுது. வா."

கையுறைகள் விழுந்தன. ப்ரூலே இரக்கம் காட்டவில்லை, முதல் குத்திலேயே மெல்னிக்கின் புருவம் கிழிந்தது. மெல்னிக்கும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பெஞ்சிலும் தடிகளால் பலகையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

இருவரையும் பிரித்துப் பெட்டிகளில் அடைத்தார்கள். நடுவே கண்ணாடிக் கூண்டில் நேரம் பார்க்கும் கிழவர் வெர்ன்.

"வெர்ன், எப்படி இருந்துச்சுன்னு அவனைக் கேளுங்க," என்றான் மெல்னிக்.

"எது, குத்தா?"

"கோலுய்யா!"

வெர்ன் அந்தப் பக்கம் குனிந்து கேட்டுவிட்டுத் திரும்பினார். "தெரியலையாம். நீ முதுகுல தொங்கினதுல தரையைத்தான் பார்த்தானாம். எப்படிப் போச்சுன்னு உன்னைக் கேக்கறான்."

மெல்னிக் துண்டால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே யோசித்தான். "தடியில பட்டு ஒரு குதி குதிச்சுது. அப்புறம் எங்க கோல்கீப்பர் முழங்காலை ஒட்டி, அவசரமே இல்லாம, சொந்த வீட்டுக்குள்ள போற மாதிரி போச்சுன்னு சொல்லுங்க."

வெர்ன் சொன்னார். ப்ரூலே நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லணுமாம்," என்றார் வெர்ன்.

தண்டனை முடிந்து மெல்னிக் பெஞ்சுக்கு வந்தான். டண்டாஸ் அவனைப் பார்க்காமலே பேசினார்.

"அந்தக் கோல் உன்னாலதான் விழுந்துச்சு."

"ஆமா."

"பெல்கி, தள்ளி உட்காரு. அவனுக்கு இடம் விடு." பிறகு மெல்னிக்கிடம், "வெள்ளிக்கிழமை மறுபடி இவங்களோடதான் ஆட்டம். அவனை வலைக்கு முன்னால நிக்க விடாதே," என்றார்.