விமானத்துக்குக் கலப்பத்து

யோகநாதனுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. பதினொரு வருஷமாக விமானம் திருத்துகிறான், அவன் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிய ஒன்றின் எஞ்சின்கூட வழியில் சிணுங்கியதில்லை. அது முதலாவது. அந்தப் பதினொரு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது இரண்டாவது. “பறக்கிறது விமானி ஐயாவின்ரை வேலை, பறக்க விடுறது என்ரை வேலை” என்பான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பயந்தாங்கொள்ளி என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றாததற்கு அவனுடைய பெரிய மீசைதான் காரணமாக இருக்க வேண்டும்.

வவுனியாவில் உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையில் அந்த ஐப்பசியில் ஒரு சின்ன விமானம் நின்றது. குளங்களையும் வயல்களையும் அடியில் பூட்டிய கமராவால் மேலேயிருந்து படம் பிடிக்க வந்த விமானம். மூன்று பேர் இருக்கலாம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு யன்னல்கள். யன்னலுக்குப் போட்டிருந்தது பிளாஸ்ரிக் கண்ணாடி. அதைச் சுற்றி அடைத்திருந்த பசை ஐந்து வருஷ வெயிலில் காய்ந்து, வெடித்து, பழைய பாண் ரொட்டியின் கோது மாதிரி உதிரத் தொடங்கியிருந்தது. இரண்டு தடவை மழைக்குள் போய், இரண்டு தடவையும் உள்ளே தண்ணீர் ஒழுகிப் படச்சுருள் நாசமாயிற்று.

விமானி செல்வநாயகம் சத்தம் போடுகிற மனிதரல்ல. அதனால்தான் அவர் பேச்சு சுட்டது.

“யோகநாதன், வெள்ளிக்கிழமை இரணைமடுக் குளத்துக்கு மேலாலை போகவேணும். இன்னொருக்கா ஒழுகினால் நான் கொழும்புக்கு எழுதத்தான் வேணும். பிறகு உம்மைச் சாமான் அறையிலை ஆணி எண்ண விடுவாங்கள்.”

அன்று திங்கட்கிழமை. புதுப் பசை தகரத்தில் வந்திருந்தது. பழையதைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. யோகநாதன் கத்தியை வைத்துச் சுரண்டினான். பசை அசையவில்லை, கண்ணாடியில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. கத்தியை எறிந்துவிட்டுப் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், கேட்பார் கேளாதாரிடமெல்லாம் புலம்பினான்.

பக்கத்து வாங்கிலிருந்த ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் கிறிஸ்தோப்பர், முல்லைத்தீவு. இருபத்தாறு வயதிருக்கும். அவன் பையிலிருந்து கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலின் பிடி எட்டிப் பார்த்தது. வள்ளத்துப் பலகைகளின் நடுவே பஞ்சுத்திரியை அடித்திறுக்கித் தண்ணீர் புகாமல் செய்வது அவன் தொழில். கரையில் அதற்குக் கலப்பத்து என்று பெயர்.

“தண்ணி வராமல் அடைக்கிறதுதானே, அண்ணை? நான் வந்து பாக்கட்டோ?” என்றான்.

வள்ளக்காரனை விமானத்தில் கை வைக்க விடுவதா என்று யோகநாதனுக்கு ஒரு கணம் மீசை துடித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு போனான்.

கிறிஸ்தோப்பர் பழைய பசை முழுவதற்கும் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவி ஊற விட்டான். பிறகு பனைமட்டையில் ஒரு சிராயைச் சீவி, கண்ணாடியில் வைக்கும் முன் தன் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தான். நகத்தில் கோடு விழுந்தால் இன்னும் மழுக்குவான். கோடு விழாத சிராயால் பசையை நெம்பியபோது அது தோல் உரிவதுபோல் நீள நீளமாக வந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுக் கீறல் இல்லை. யோகநாதன் பக்கத்தில் நின்று பார்த்தான். ரத்மலானை விமான நிலையத்தில் பெரிய பெரிய மெக்கானிக்குகளிடம் வேலை பழகியவன் அவன். இப்படி ஒரு கையை அவன் கண்டதில்லை, அதை மனசுக்குள் ஒப்புக்கொள்ளவும் செய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாவது யன்னலை அடைத்தார்கள். கிறிஸ்தோப்பர் பஞ்சுத்திரியைப் பசையில் தோய்த்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இறுக்கினான். ஊசி நுழைய இடமில்லை. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் வெயில் ஏறியது. விமானத்துக்குள்ளிருந்து ‘டிக்’ என்றொரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் புதிதாக அடைத்த கண்ணாடி தொப்பை வைத்திருந்தது, மூலையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

“என்ன காரியம் செய்தனீர்! இருக்கிறது ஒரே ஒரு மாற்றுக் கண்ணாடி. என்ரை சீவியத்திலை மண்ணைப் போட்டிட்டீர்!” என்று யோகநாதன் கத்தினான். இன்னும் நிறையக் கத்தியிருப்பான். ஆனால் கண் தற்செயலாக அடுத்த யன்னலில், தான் கத்தியால் போட்ட கீறலில் விழுந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

கிறிஸ்தோப்பர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அதன் சூட்டைப் பார்த்தான்.

“பிழை என்னிலைதான், அண்ணை. வள்ளப் பலகை தண்ணி குடிச்சு ஊதி, தானே இறுகும். அதுதான் நாங்கள் இறுக்கி அடிக்கிறது. இது வெயிலைக் குடிச்சு ஊதுது. ஊதுறதுக்கு நான் இடம் விடேல்லை. ஒருக்கால் விடுங்கோ, திருப்பிச் செய்து தாறன்.”

பிழையை அப்படி நேராகச் சொல்லுகிற ஒருவனை யோகநாதன் தன் தொழிலில் அதிகம் சந்தித்ததில்லை. தான் செய்த கீறலைச் செல்வநாயகத்திடம் இன்னும் சொல்லவில்லை என்பதும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. “சரி, செய்யும்” என்றான்.

புதன்கிழமை கொட்டாப்புளி பையை விட்டு வெளியே வரவில்லை. வெடித்ததைக் கழற்றிவிட்டு மாற்றுக் கண்ணாடியை எடுத்தார்கள். கிறிஸ்தோப்பர் ஓலையிலிருந்து ஈர்க்குகளைக் கிழித்தெடுத்து, கண்ணாடியைச் சுற்றிச் சட்டத்துக்குள் நிறுத்தினான். எல்லாப் பக்கமும் ஈர்க்களவு இடம் விட்டுக் கண்ணாடி நடுவில் உட்கார்ந்தது. யோகநாதன் பசையைக் குழைத்துக் குழைத்துக் கொடுத்தான். கிறிஸ்தோப்பர் ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவி, அந்த இடத்தில் பசையை விரலால் வழித்து நிரப்பினான். நான்கு யன்னலும் முடிய விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வியாழன் முழுக்கக் காய விட்டார்கள். மத்தியான வெயிலில் இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. அதன்பிறகு கிறிஸ்தோப்பர் தேத்தண்ணிக் கடை அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி வந்து, உள்ளே யன்னல்களின் கீழ் விளிம்பில் கோடாகத் தூவினான். வெளியே வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தார்கள். ஈரம் பட்டால் கறுக்கும் சாம்பல் ஓரிடத்திலும் கறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை யோகநாதன் கீறலைப் பற்றி முதலில் சொன்னான். செல்வநாயகம் குனிந்து பார்த்தார். “இந்தக் கீறலுக்கு மேலாலை வெளியிலை பாக்கலாம்” என்றதோடு விட்டுவிட்டு, பதிவுக் கொப்பியை நீட்டினார். பறக்கலாம் என்று யோகநாதன் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பினால் கிறிஸ்தோப்பர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தான்.

“தம்பி, எங்கை ஏறுறீர்?” என்றார் செல்வநாயகம்.

“ஐயா, எங்கடை கரையிலை கலப்பத்து வைச்சவன்தான் முதல் ஓட்டத்திலை ஏறவேணும். அவன் ஏறாத வள்ளத்திலை வேறை ஒருத்தரும் கால் வையாங்கள்.” பிறகு வெளியே எட்டிப் பார்த்தான். “அண்ணையும் வாறார்தானே? பசை குழைச்சது அவரெல்லோ.”

செல்வநாயகம் யோகநாதனைப் பார்த்தார். கதவைத் திறந்து பிடித்தார். வாய் திறந்து கேட்டிருந்தால் யோகநாதன் வழக்கமான பதிலைச் சொல்லித் தப்பியிருப்பான். அவன் கையில் பேனை இன்னும் மூடாமல் இருந்தது. பதினொரு வருஷத்தில் எத்தனை தரம் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் நின்று கையாட்டியிருப்பான்! பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டான். ஏறினான்.

விமானம் கிளம்பியபோது அவன் கண்களை இறுக மூடி, முருகனைக் கூப்பிட்டான். இரணைமடுவுக்குக் கிட்ட மழை பிடித்துக்கொண்டது. யன்னலில் சரளை எறிந்த மாதிரிச் சத்தம். குளிர் ஏறியது.

“அண்ணை, கண்ணைத் திறவுங்கோ. குளிருக்குக் கண்ணாடி சுருங்குது, பசை விடாமல் பிடிச்சிருக்குப் பாருங்கோ.”

யோகநாதன் திறந்தான். கிறிஸ்தோப்பரின் உள்ளங்கை கண்ணாடியில் இருந்தது. அவனும் ஏறியது முதல் தடவைதான், உதடு வெளுத்துப் போயிருந்தது. ஆனால் கை அங்கேயே இருந்தது. கண்ணாடிக்கு அடியில் நேற்றுத் தூவிய சாம்பல், மழை அடிக்க அடிக்க, வெள்ளையாகவே கிடந்தது. தான் இத்தனை காலம் போட்ட கையெழுத்து வெறும் மை என்று யோகநாதனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் பொங்கியது. தன் கையை எடுத்துக் கிறிஸ்தோப்பரின் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

இறங்கியதும் செல்வநாயகம் சுருளை எடுத்துக் காட்டினார், காய்ந்திருந்தது. அடுத்த ஓட்டம் திங்கட்கிழமை என்றார்.

“நானும் வாறன், ஐயா. கையெழுத்தை விமானத்துக்குள்ளை இருந்து போடுறன்” என்றான் யோகநாதன்.