வலமிருந்து இடமாக முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள்

1

ஒரு மொழி தன் சொந்தத் திசையில் ஓடத் தொடங்கும் நாளே அதைப் பேசுகிறவர்களின் விடுதலை நாள்.

இந்த வாக்கியத்தை நான்கு வருடங்களுக்கு முன்னால், 2004இல், ஒரு மனுவுக்காக எழுதினேன். அறுபத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். அதில் நான்கு பேர் என் மைத்துனர்கள். அவர்கள் கணினியைத் தொட்டதே இல்லை. மனு போனது ஒரு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கு. படத்தையும் ஒலியையும் எழுத்தையும் சேர்த்துத் தொடுதிரைகளுக்குக் காட்சி தயாரிக்க உதவும் கிழட்டு மென்பொருள் அவர்களுடையது. பெயரைச் சொல்லமாட்டேன். நிறுவனத்திடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். என்னிடம் மைத்துனர்கள்தான் இருக்கிறார்கள்.

கதையின் மூலம் என்ன என்று கேட்டால், ஒரு இணையக் குழுமத்தில் சென்ற வாரம் வந்த இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். அந்த மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழும் அரபுக்காரர்களின் குழுமம் அது. கெய்ரோவில் என் சாப்பாட்டு மேசையிலிருந்து அதை நிர்வகிப்பவன் நான். பதிவுகளில் பாதியை நீக்கியதும் நானே.

2

முதல் தொடக்கம்: "இன்ஷிராஹின் விரல்கள் விசைப்பலகையின் மீது நைல் நதியைப் போல—"

இல்லை. அவர் தட்டச்சு செய்கிறார். அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "தம்யாத் நகர மீன் அருங்காட்சியகத்தில் ஒன்பது வருடங்களாகத் தற்காலிக ஊழியராக இருக்கும் ஒரு பெண்மணி, தலைகீழாக எழுதுவதில் எகிப்திலேயே வேகமானவர்."

இது உண்மை, ஆனால் விளக்கம் வேண்டும். (அவசரக்காரர்கள் அடுத்த பத்தியைத் தாண்டலாம். தாண்டினால் பிறகு என்னைக் கேட்கக்கூடாது.)

அந்த மென்பொருளுக்கு அரபு தெரியாது. எதைக் கொடுத்தாலும் இடமிருந்து வலமாகவே அடுக்கும். எனவே நாங்கள் கடைசி எழுத்தை முதலில் அடித்து, முதல் எழுத்தைக் கடைசியில் அடிப்போம். திரையில் சரியாகத் தெரியும். பன்னிரண்டு வருடங்களாக அரபுலகின் தொடுதிரைகள் பலவும் இப்படி வாலிலிருந்து எழுதப்பட்டவையே. எங்களில் யாரும் இதை அவமானமாக நினைத்ததில்லை. ஒருவர் பயோடேட்டாவில்கூடப் போட்டிருந்தார்.

3

சென்ற வாரம் புதிய பதிப்பு வந்தது. அரபு நேராக வரும் என்று அறிவிப்பு. என் மனுதான் காரணம் என்று நான் எழுதினேன். எழுபது பேர் வாழ்த்தினார்கள். எல்லாரும் உடனே நிறுவும்படி நிர்வாகியின் முறையில் அறிவுறுத்தினேன்.

(நான் நிறுவினேனா? இது இன்ஷிராஹின் கதை. என்னை விடுங்கள்.)

மறுநாள் ஸகாஸீகிலிருந்து பக்ர் என்பவர் ஒரு படம் போட்டார். அவருடைய மருத்துவமனை வழிகாட்டித் திரை. இதயப் பிரிவு, கண் பிரிவு என்று ஒரு பலகை விடாமல் எல்லாம் வாலிலிருந்து தலைக்கு. மென்பொருள் அரபைச் சரியாக அடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள் கொடுத்து வைத்திருந்ததுதான் தலைகீழ்.

அதற்கடியில் பக்ர் எழுதினார்: "இத்தனை வருஷம் நாம தலைகீழா இருந்தோம், அது நம்மள நேராக் காட்டுச்சு. இப்ப அது நேராயிடுச்சு, நம்ம லட்சணம் தெரியுது."

பெய்ரூத்காரர் ஒருவர், நாலு வருஷமா அழுது வாங்கினீங்க, இப்ப எதுக்கு அழறீங்க என்று கேட்டார். அவரை நீக்கினேன். கொள்கை அடிப்படையில் இனி எந்தப் பதிப்பையும் நிறுவுவதில்லை என்று ஒருவர் உறுதிமொழி எடுத்தார். அவருடைய பிரதி திருட்டுப் பிரதி. அது எல்லாருக்கும் தெரியும்.

4

வியாழக்கிழமை மதியம் இன்ஷிராஹ் தொலைபேசியில் அழைத்தார். என்னை மரியாதையாக உஸ்தாத் என்பார்.

"உஸ்தாத், மத்தி மீன் வாலிலேர்ந்து தலைக்குப் போகுது."

பழைய கோப்பு இருக்குமே என்றேன்.

"புதுசுல தெறந்தேன். சேமிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். ஒன்பது வருஷமா இங்க யாரு எது கேட்டாலும் ஆமான்னுதானே சொல்லிட்டிருக்கேன்."

புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. அருங்காட்சியகத்தின் புதிய தொடுதிரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், நீளம், வாழும் ஆழம், நான்கு வரி வரலாறு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆளுநர் வந்து திரையைத் தொட்டுத் திறந்துவைப்பார். அதே விழாவில் ஒன்பது பேரின் பணி நிரந்தர ஆணையில் கையெழுத்திடுவார். பட்டியலில் ஏழாவது பெயர் இன்ஷிராஹ்.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். அருங்காட்சியக இயக்குநர் டாக்டர் லுத்ஃபி. கோழி நோய்களில் முனைவர் பட்டம் பெற்றவர்; மேசையின் மூன்று பக்கமும் பெயர்ப்பலகை வைத்திருப்பவர். இப்படி ஒருவரை எழுதினால் வாசகர் நம்பமாட்டார். நான் கண்டதிலிருந்து குறைத்தே எழுதியிருக்கிறேன். நான்காவது பலகையை எடுத்துவிட்டேன்.

விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று இன்ஷிராஹ் அவரிடம் கேட்டிருக்கிறார். அவர் அழைப்பிதழைக் காட்டியிருக்கிறார். "உலகின் ஆகப் புதிய பதிப்பில்" என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது.

"ஆளுநர் படிக்கமாட்டாரு மேடம். தொடுவாரு."

"படிச்சிட்டாருன்னா டாக்டர்?"

"அப்ப ஆணையில ஆறாவது பேரு இருக்கும், எட்டாவது பேரு இருக்கும். ஏழாவது பேரு இருக்காது."

6

வெள்ளி, சனி இரண்டும் விடுமுறை. இன்ஷிராஹ் காவலாளியிடம் சாவி வாங்கி, வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதல் நாள் தொண்ணூற்றாறு மீன். அதற்கே கை வலித்தது. "நேரா எழுதறது எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு உஸ்தாத்," என்றார். "ரெண்டு வார்த்தை நேரா போகுது, மூணாவது தானா வாலிலேர்ந்து ஆரம்பிக்குது. அழிச்சு அழிச்சு எழுதறேன்."

(இந்த இடத்தில் அவரை அழவைக்கலாம் என்று நினைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் அழவில்லை. பத்தியை நீக்கிவிட்டேன்.)

சனிக்கிழமை நூற்று நான்கு. ஆக இருநூறு. மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு, ஒரே ஒரு காலைப்பொழுது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு கருவியை எழுதி முடித்தேன். தலைகீழ் வரியைக் கொடுத்தால் நேராக்கித் தரும். குழுமத்தில் "விடுதலை" என்ற தலைப்பில் வெளியிட்டேன். இன்ஷிராஹுக்குத் தனியாக அனுப்பினேன்.

"சோதிச்சுப் பாத்தீங்களா உஸ்தாத்?"

"பாத்துட்டேன் மேடம்."

ஒரு வரியில் சோதித்திருந்தேன். பத்தரை மணிக்கு நூற்றுப் பன்னிரண்டையும் அவர் அதில் ஓட்டினார். எல்லாம் நேரானது. நன்றி என்று மட்டும் செய்தி வந்தது. நான் தேநீர் போடப் போனேன்.

பதினொன்று ஐந்துக்குப் பக்ரின் பதிவு: "பாஷா, உங்க விடுதலையில எங்க ஆஸ்பத்திரி 12ஆம் நம்பர் அறை 21 ஆயிடுச்சு. நோயாளியைக் காணோம்னு தேடிட்டிருக்கோம்."

அரபியில் எழுத்து வலமிருந்து ஓடும். எண் மட்டும் இடமிருந்து ஓடும். ஆகவே தலைகீழாக எழுதிய காலத்திலும் எண்களை நாங்கள் திருப்பியதே இல்லை. கருவிக்கு இது தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவன் நான். பதினைந்து சென்டிமீட்டர் மத்தி இப்போது ஐம்பத்தொரு சென்டிமீட்டர். நூற்றுப் பன்னிரண்டு மீன்கள், எல்லாமே பொய் நீளத்தில். ஆளுநர் அந்நேரம் திரைக்கு முன்னால்.

7

இன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக முடிவு எழுதுகிறேன்.

(அ) ஆளுநர் தொட்டது இன்ஷிராஹ் கையால் எழுதிய இருநூறில் ஒன்று. இன்ஷிராஹ் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பாக இருந்தார் என்பது கணக்கு.

(ஆ) ஆளுநர் மத்தியைத் தொட்டார். ஐம்பத்தொன்று என்று உரக்கப் படித்தார். நம் கடலில் இவ்வளவு பெரிய மத்தியா என்று மகிழ்ந்தார். டாக்டர் லுத்ஃபி, இது தங்கள் ஆட்சிக்காலத்தில் வளர்ந்தது என்றார். ஒன்பது பேருக்கும் கையெழுத்து.

(இ) ஆளுநரோடு வந்தவர்களில் ஒரு மீனவர் சங்கத் தலைவர் இருந்தார். அவருக்கு மத்தியின் நீளம் தெரியும். அவர் வாயைத் திறந்து—

மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டாவது நகைச்சுவையாக இருக்கிறது, அதனாலேயே அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே வாசகரே, முடிவு உங்களுடையது. ஏழாவது பெயரை வைத்துக்கொள்ளலாம், அடிக்கலாம். திறந்த முடிவு என்பது வாசகரின் அறிவுக்கு எழுத்தாளன் செலுத்தும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று பத்துக்கு இன்ஷிராஹ் என்னைக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.